மணக்கும் ரோஜா வேண்டுமா? பெங்களூரு மாடிகளில் பன்னீர் ரோஜா வளர்க்கும் முறை

பெங்களூரு: பூக்கடைகளில் விற்கப்படும் நீண்ட காம்பு ரோஜாக்கள் பல நாட்கள் வாடாமல் இருந்தாலும், பெரும்பாலும் மணப்பதில்லை. தொலைதூரம் அனுப்புவதற்கு ஏற்றவாறு உறுதிக்கும் நிறத்துக்கும் முன்னுரிமை அளித்து அவை உருவாக்கப்பட்டதே இதற்குக் காரணம்.

மணம் எங்கிருந்து வருகிறது?

ரோஜாவின் மணத்துக்குக் காரணமான ஜெரானியால் என்ற பொருளை உருவாக்குவதில் இதழ்களில் உள்ள ஒரு நொதிக்கு முக்கியப் பங்கு உண்டு என்பதை, பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2015-ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் விளக்கினர். எனவே, மணமற்ற வகைக்கு எவ்வளவு உரமிட்டாலும் மணம் வந்துவிடாது. செடியை வாங்கும்போதே வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாற்றுப் பண்ணைகளில் பன்னீர் ரோஜா, எட்வர்ட் ரோஜா என்ற பெயர்களில் கிடைப்பவை மணம் மிக்கவை.

வளர்ப்பது எப்படி?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூருவின் மிதமான தட்பவெப்பம் ரோஜாவுக்கு உகந்தது. ஆனால் தொம்மலூர் போன்று கட்டடங்கள் நெருங்கிய பகுதிகளில் வெயில்தான் சிக்கல். நாள்தோறும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் படும் மொட்டை மாடியோ, கிழக்கு நோக்கிய பால்கனியோ தேவை.

அடியில் துளையுள்ள 12 அங்குலத் தொட்டியில் செம்மண், மட்கிய தொழு உரம், மணல் ஆகியவற்றைக் கலந்து நிரப்பலாம். மேல்மண் காய்ந்த பிறகு, காலையில் வேர்ப்பகுதியில் மட்டும் நீர் ஊற்ற வேண்டும். இலைகள் நீண்ட நேரம் ஈரமாக இருந்தால் கரும்புள்ளி நோய் பரவும்.

ஒட்டுச் செடியில் கவனம்

ஒட்டுக்கட்டிய செடியில், ஒட்டுப் பகுதிக்குக் கீழிருந்து கிளம்பும் தளிர்கள் வேர்ச்செடிக்கு உரியவை. அவற்றை அடியோடு அகற்றாவிட்டால், விரும்பி வாங்கிய வகை நலிந்து வேர்ச்செடியே நிலைத்துவிடும். பென்சில் பருமனுள்ள குச்சியை நட்டு வேர்விடச் செய்த பன்னீர் ரோஜாவில் இந்தச் சிக்கல் இல்லை.

பெங்களூருவில் ஜூன், நவம்பர் மாதங்களில் கவாத்து செய்வது வழக்கம். காய்ந்த, பின்னிய கிளைகளை நீக்கி, வெளிப்புறம் நோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்ட வேண்டும். சுமார் 45 நாட்களில் பூக்கள் மலரத் தொடங்கும்.

உண்பதற்கு எந்தப் பூ?

அலங்காரத்துக்காக விற்கப்படும் பூக்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருக்கலாம் என்பதால், அவற்றைக் குல்கந்து செய்யப் பயன்படுத்தக் கூடாது. மருந்து தெளிக்காமல் வீட்டில் வளர்த்த பன்னீர் ரோஜாவே அதற்கு ஏற்றது. செடி வாங்கச் செல்பவர்கள், பூத்திருக்கும் செடியைக் காலை வேளையில் முகர்ந்து பார்த்து வாங்குவது நல்லது.