எண் காட்டும் வானொலியைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?



தோட்டத்துக் குடும்பங்களில் வானொலிக்கு என்றுமே தனி இடம் உண்டு. கைப்பேசியும் தொலைக்காட்சியும் வந்துவிட்ட இந்நாளிலும், வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு ஏற்றது, பொத்தானை அழுத்தியதும் பேசுகிற ஒரு பெட்டிதான். அதற்கு மாதக் கட்டணம் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு திரையைத் தடவ வேண்டியதும் இல்லை. 2014ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கிழக்குக் கரை மாநிலங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது பல இடங்களில் மின்சாரம் நின்றது. கைப்பேசித் தொடர்பும் அறுந்தது. அத்தகைய வேளையில், பேட்டரியில் ஓடும் வானொலி ஒன்று வீட்டில் இருப்பது பெரிய துணை.

அப்படி ஒரு வானொலி வாங்கப் பட்டணத்துக் கடைக்குப் போகிறோம். முள் நகரும் பழைய பெட்டிகள் இப்போது குறைந்துவிட்டன. எண் காட்டும் டிஜிட்டல் மேசை வானொலிகளே வரிசையாக நிற்கின்றன. கடையில் அது உரக்கப் பாடுகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஏ.எம். பக்கம் திருப்பினால் ஒரே இரைச்சல். வாங்கியவர், பெட்டி கெட்டது என்கிறார். கடைக்காரரோ, உங்கள் இடம் சரியில்லை என்கிறார். இருவரில் யார் சொல்வது உண்மை? இதை நாமே சோதித்து அறியலாம். கருவி எதுவும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், நம் காது, கொஞ்சம் பொறுமை, இவை போதும்.

முதலில் டிஜிட்டல் என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பெட்டியில் டிஜிட்டல் என்று எழுதியிருப்பதால் அது புதுவகை ஒலிபரப்பைப் பிடிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலான பெட்டிகளில் அலைவரிசையை எண்ணாகக் காட்டுவதும், நிலையத்தைத் தேடிப் பிடிப்பதும் மட்டுமே டிஜிட்டல் முறையில் நடக்கின்றன. பிடிக்கப்படும் ஒலிபரப்பு பழைய ஏ.எம்., எஃப்.எம். ஒலிபரப்புதான். டிஜிட்டல் ஒலிபரப்பு என்பது வேறு. சிங்கப்பூரில் 1999ஆம் ஆண்டு அது தொடங்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. ஆகவே, "டிஜிட்டல்" என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் அதிக வெள்ளி கொடுக்க வேண்டாம்.

இனி ஏ.எம். என்றால் என்ன? நம் பெற்றோர் காலத்தில் தமிழ் ஒலிபரப்பு மத்திய அலையிலும் சிற்றலையிலும் வந்தது. மத்திய அலையைத்தான் இன்றைய பெட்டிகளில் ஏ.எம். என்று குறிக்கிறார்கள். 2005ஆம் ஆண்டு முதல் மின்னல் எஃப்.எம். என்று பெயர் பெற்ற நமது வானொலி எஃப்.எம். பக்கத்தில், அதாவது பண்பலையில் வருகிறது. அப்படியானால் ஏ.எம். பக்கத்தை ஏன் சோதிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. இரவு நேரத்தில் தொலைதூர நாட்டு நிலையங்கள் ஏ.எம்.மில்தான் வந்து சேரும். அதை விரும்பிக் கேட்கும் பெரியவர்கள் உண்டு. மேலும், பெட்டியின் உள்வேலை நன்றாக இருக்கிறதா என்பதை ஏ.எம். சட்டென்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஏன் அப்படி? ஏ.எம். முறையில், பேச்சுக்கும் பாட்டுக்கும் ஏற்றபடி அலையின் உயரம் கூடிக் குறைகிறது. வானொலி அந்த ஏற்ற இறக்கத்தையே ஒலியாக மாற்றுகிறது. மின்னல் வெட்டினாலும், சுவிட்சில் பொறி பறந்தாலும் அவையும் அலையின் உயரத்தில் சேர்ந்துகொள்ளும். எது பேச்சு, எது பொறி என்று பெட்டிக்குத் தெரியாது. எஃப்.எம். முறையில் உயரம் மாறுவதில்லை. அலையின் அதிர்வு எண்ணிக்கைதான் மாறுகிறது. அதனால் அங்கே இரைச்சல் குறைவு.

இப்போது சோதனைக்கு வருவோம்.

முதல் சோதனை, எண்களைப் பற்றியது. நம் பகுதி நாடுகளில் ஏ.எம். நிலையங்கள் 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை, ஒன்றுக்கொன்று 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்துள்ளன. 1975ஆம் ஆண்டு ஜெனிவாவில் செய்துகொண்ட உடன்பாடு இது. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அமெரிக்காவில் இடைவெளி 10. பல டிஜிட்டல் பெட்டிகளில் இரண்டுக்கும் வசதி உண்டு. பெட்டி தவறுதலாக 10இல் வைக்கப்பட்டிருந்தால் என்ன ஆகும்? 576இல் ஒரு நிலையம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியோ 570, 580 என்று தாவும். நிலையம் நடுவில் மாட்டிக்கொண்டு, குரல் உடைந்து கரகரக்கும். 540, 630, 720 என்று 90க்கு ஒரு முறைதான் இரண்டு கணக்கும் ஒத்துப்போகும். இதைப் பள்ளிப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்லலாம். திரையில் தெரியும் எண்ணின் இலக்கங்களைக் கூட்டச் சொல்லுங்கள். 531ஐக் கூட்டினால் 9. 576ஐக் கூட்டினால் 18. 999ஐக் கூட்டினால் 27. ஒவ்வொரு தாவலிலும் 9, 18, 27 என்று வந்தால் பெட்டி சரியாக வைக்கப்பட்டிருக்கிறது. 570, 580 என்று பூஜ்யத்தில் முடியும் எண்களே வந்துகொண்டிருந்தால் அது 10இல் இருக்கிறது. பெட்டியின் பின்புறத்திலோ அடியிலோ அதை மாற்றும் சுவிட்ச் இருக்கும். சிலவற்றில் பொத்தானை அழுத்திப் பிடித்து மாற்ற வேண்டும். விளக்கத் தாளில் பாருங்கள். மாற்ற வழியே இல்லாத பெட்டியானால் அதை வாங்க வேண்டாம். இந்தச் சோதனையைக் கடையிலேயே செய்துவிடலாம்.

இரண்டாவது சோதனை பகலில், வீட்டில் செய்ய வேண்டியது. பகலில் மத்திய அலை நெடுந்தூரம் போகாது. வானில் வெகு உயரத்தில், கதிரவன் ஒளியால் உண்டாகும் ஒரு படலம் அதை விழுங்கிவிடும். ஆகையால் பகலில் ஏ.எம். பக்கம் எதுவும் பேசாவிட்டால் பெட்டியின் மேல் பழி போடாதீர்கள். பகலில் நாம் பார்க்க வேண்டியது இரைச்சலை மட்டுமே. யாரும் பேசாத ஒரு எண்ணில் வைத்து, ஒலியை நடு அளவுக்குக் கூட்டுங்கள். மெல்லிய "ஸ்ஸ்" என்ற ஓசை மட்டும் கேட்டால் நல்லது. "கிர்ர்" என்றோ "ம்ம்ம்" என்றோ வந்தால் காரணத்தைத் தேடுங்கள். கைப்பேசி சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பிறகு எல்.இ.டி. விளக்கை அணையுங்கள். அடுத்து தொலைக்காட்சி, அதன்பின் ஐஸ் பெட்டி. எதை நிறுத்தியதும் ஓசை குறைந்ததோ, அதை நோட்டில் எழுதுங்கள். எல்லாவற்றையும் நிறுத்திய பின்பும் ஓசை குறையவில்லையா? வானொலியின் பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் போடுங்கள். அப்போது அமைதியானால் குற்றம் மின்சாரக் கம்பியிலோ, பெட்டியோடு வந்த அடாப்டரிலோ இருக்கிறது. பேட்டரியிலும், வாசலுக்கு வெளியே கொண்டுபோன பின்பும் அதே ஓசை வந்தால், இரைச்சல் பெட்டியின் வயிற்றிலிருந்தே வருகிறது. எண் காட்டும் திரையும் அதன் மின்னணுப் பகுதிகளும் சரியாக மறைப்புச் செய்யப்படாவிட்டால் இப்படி நேரும். அது திருப்பிக் கொடுக்க வேண்டிய பெட்டி.

மூன்றாவது சோதனை இரவில். பொழுது சாய்ந்தபின், நான் சொன்ன அந்தப் படலம் மறைந்துவிடுகிறது. அதற்கும் மேலே உள்ள படலம் மத்திய அலையைப் பந்துபோல் திருப்பிப் பூமிக்கு அனுப்புகிறது. தாய்லாந்து, இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் கேட்பது அப்போதுதான். இரவு 9 மணி வாக்கில் உட்காருங்கள். தானாகத் தேடும் பொத்தானை நம்ப வேண்டாம். அது பலமான நிலையங்களில் மட்டும் நின்று, மெலிந்தவற்றைத் தாண்டிப் போய்விடும். 531இல் தொடங்கி ஒவ்வொரு எண்ணாகக் கையால் நகர்த்துங்கள். குரல் கேட்கும் எண்ணையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். தெளிவாகக் கேட்டால் 3, சிரமப்பட்டுக் கேட்டால் 2, ஏதோ பேச்சு என்று மட்டும் தெரிந்தால் 1 என மதிப்பெண் போடுங்கள். வீட்டில் பழைய வானொலி இருந்தால் அதையும் அதே இடத்தில் வைத்து அவ்வாறே எண்ணுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் வைத்து ஓட்ட வேண்டாம். ஒன்றின் இரைச்சல் மற்றொன்றில் ஏறும். புதுப் பெட்டி பழையதைவிடக் குறைவாகப் பிடித்தால் யோசிக்க வேண்டியதுதான். ஓர் இரவை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். மழையும் மின்னலும் உள்ள இரவில் எந்தப் பெட்டியும் கரகரக்கும். மூன்று இரவு பாருங்கள்.

இந்தச் சோதனையின்போது பெட்டியைத் திருப்பிப் பார்க்க மறக்க வேண்டாம். வெளியே நீளும் கம்பி எஃப்.எம்.முக்கு உரியது. சாதாரண மேசைப் பெட்டிகளில் அதை இழுத்தாலும் மடக்கினாலும் ஏ.எம்.மில் மாற்றம் இராது. ஏ.எம். அலையைப் பிடிப்பது பெட்டிக்குள்ளே படுத்திருக்கும் கருநிறக் கோல் ஒன்று. அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். கோலின் பக்கவாட்டில் வரும் அலையை அது நன்றாகப் பிடிக்கும். முனையை நோக்கி வரும் அலையைப் பிடிக்காது. பெரும்பாலும் கோல் பெட்டியின் நீளவாக்கில் இருக்கும். இந்திய நிலையங்கள் நமக்கு மேற்கே இருப்பதால், பெட்டியின் முகமோ முதுகோ மேற்கைப் பார்க்கும்படி வைத்துப் பாருங்கள். இரைச்சல் வேறு திசையிலிருந்து வந்தால், பெட்டியைத் திருப்பியே அதைக் குறைத்துவிடலாம். தகரக் கூரையும் இரும்புக் கம்பிகளும் அலையைத் தடுக்கும். அதனால் நடு அறையைவிட சன்னல் ஓரம் நல்லது.

நான்காவது சோதனை, பக்கத்து வீட்டுச் சண்டை போன்றது. பலமாகக் கேட்கும் ஒரு நிலையத்தைப் பிடியுங்கள். அங்கிருந்து ஒரு தாவல் மேலே, ஒரு தாவல் கீழே போங்கள். பலமான நிலையத்தின் பேச்சு அங்கும் தெளிவாகக் கேட்டால், நிலையங்களைப் பிரித்துக் காட்டும் திறன் அந்தப் பெட்டிக்குக் குறைவு. மெலிந்த நிலையம் ஒன்று அங்கிருந்தாலும் அது அமுங்கிவிடும்.

ஐந்தாவது, ஒலியின் சோதனை. கடையில் உரக்கப் பாடுவதைக் கேட்டு மயங்கக் கூடாது. ஒலியைக் குறைத்து வைத்துச் செய்தி கேளுங்கள். மனம், மணம், வலி, வழி, எழுபது, எண்பது. இப்படி நெருங்கிய சொற்கள் பிரிந்து கேட்கின்றனவா? பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பெட்டியை அவர் வழக்கமாகக் கேட்கும் தூரத்தில் வைத்து, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இந்தச் சோதனையில் நீதிபதி அவர்தான். வயதானால் கூர்மையான ஒலிகள் காதுக்குக் குறைவாகவே எட்டும். அவருக்கு முழக்கத்தைக் கூட்டும் பொத்தான் உதவாது. மெய்யெழுத்துகளை அது மூடிவிடும். அதை அணைத்துவிட்டுக் கேட்கச் செய்யுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்குள் அடங்க வேண்டியிருப்பதால், ஏ.எம். பெட்டிகள் சுமார் 4,500 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை அதிகம் தருவதில்லை. எஃப்.எம். 15,000 வரை தரும். ஆகவே ஏ.எம்.மில் பாட்டு சற்று மங்கிக் கேட்பதும், "ஸ" ஓசை மழுங்குவதும் இயல்பு. பேச்சு விளங்காமல் போவதுதான் குறை.

ஒலியளவுப் பொத்தானையும் பாருங்கள். சில பெட்டிகளில் 1 என்றால் கேட்காது, 2 என்றால் வீடே அதிரும். விடியற்காலைப் பெரட்டுக்கு எழ வேண்டியவர்கள் தூங்கும் வீட்டில் அது தொல்லை.

கடைசியாக, நிலையங்களை நினைவில் பதித்து, பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்து மீண்டும் போடுங்கள். பதித்ததெல்லாம் அழிந்துவிட்டால், மின்சாரம் நிற்கும்போதெல்லாம் பெரியவர் பேரப்பிள்ளையைத் தேட வேண்டிவரும்.

நேயர்களே, இவ்வளவையும் கடையில் செய்ய முடியாது. கடையில் நூறு விளக்குகள் எரியும், அங்கே ஏ.எம். கேட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயமும் ஆகாது. ஆதலால் பணம் கொடுக்கும் முன்பே, எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவீர்கள் என்று கேட்டு, அதை ரசீதில் எழுதி வாங்குங்கள். அட்டைப் பெட்டியையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். திருப்பிக் கொடுக்க நேர்ந்தால், நோட்டில் எழுதியதைக் காட்டுங்கள். "பேட்டரியில் போட்டு, வாசலில் வைத்தும் இரைச்சல் வந்தது" என்று விவரமாகச் சொல்லும் ஒருவரிடம், "உங்கள் இடம் சரியில்லை" என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. குற்றம் சார்ஜரில் இருந்தது என்று நோட்டு காட்டினால், கடைக்குப் போகும் பேருந்துக் காசு உங்களுக்கு மிச்சம்.

வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சேர்த்த பணம் அது. அதைக் கொடுத்து வாங்கும் பெட்டியை மூன்று இரவு உட்கார்ந்து சோதிப்பது தகும்.