மெஷினுக்கு எந்த விளக்கு?



துணிக்கடையில் புடவை எடுக்கும்போது நம் அம்மாக்கள், "வெளிச்சத்துல பாத்துட்டு வர்றேன்" என்று வாசலுக்குப் போவார்கள். விழும் ஒளியைப் பொறுத்தே நிறம் தெரியும் என்பது அவர்களுக்கு அனுபவப் பாடம். தொழிற்சாலையில் கேமரா வைத்துப் பொருளைச் சோதிக்கும் 'மெஷின் விஷன்' முறைக்கும் இதுவே அடிப்படை.

இவ்வேலைக்குப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை கேமராவே போதும். அதற்குச் சிவப்பு, பச்சை என்றெல்லாம் தெரியாது. வெளிச்சம் கூடவா, குறைவா என்பது மட்டுமே தெரியும். வெள்ளை விளக்கில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்துவிடலாம். அப்போது என்ன செய்வது? விளக்கின் நிறத்தை மாற்ற வேண்டியதுதான்!

விதி மிக எளிது. பொருளின் நிறமும் ஒளியின் நிறமும் ஒன்றானால் பொருள் பளிச்சென்று தெரியும். எதிர் நிறமானால் கறுத்துவிடும்.

நாம் தினமும் கையாளும் ரெசிஸ்டரையே எடுத்துக்கொள்வோம். வெளிர் பழுப்பு உடம்பில் சிவப்புக் கோடு. சுமார் 630 நானோமீட்டர் சிவப்பு எல்.இ.டி. ஒளியில் இரண்டுமே வெளுத்து, கோடு மறைந்துபோகும். சுமார் 525 நானோமீட்டர் பச்சை ஒளியில் அதே கோடு கறுப்பாக எழுந்து நிற்கும். பச்சை சர்க்யூட் போர்டில் திறந்திருக்கும் செம்பைப் பார்க்கவோ சிவப்பு ஒளிதான் நல்லது. செம்பு மின்னும், பச்சைப் பூச்சு இருளும்.

வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை? சிவப்பு ஒளியில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். சுமார் 470 நானோமீட்டர் நீல ஒளியில் மஞ்சள் மட்டும் கறுக்கும். மாத்திரை மாறினால் நோயாளிக்கு ஆபத்தல்லவா?

இரண்டு எச்சரிக்கைகள். ஜன்னல் வெயிலோ ட்யூப் லைட்டோ கலந்தால் எல்லாம் கெட்டது. மறைப்பு கட்ட வேண்டும். அல்லது நம் விளக்கின் நிறத்தை மட்டும் விடும் ஃபில்டரை லென்ஸின் முன் போட வேண்டும். பளபளப்பான பரப்பின் கூசலுக்கு நிறம் மாற்றுவது மருந்தாகாது. விளக்கின் கோணத்தை மாற்ற வேண்டும்.

என் அம்மா மாத்திரை அட்டைகளைப் பார்த்துப் பிரிக்கும் வேலை செய்கிறார். இதைச் சொன்னதும், "அப்போ எங்க வேலை என்னடா ஆகும்?" என்றார். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அந்தக் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் அந்த மெஷினுக்கு விளக்கு தேர்ந்தெடுக்கவும் ஆள் வேண்டும். அந்த இடத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள் நிற்க வேண்டாமா?

அதற்கு லட்ச ரூபாய் கேமரா தேவையில்லை. டார்ச்சில் சிவப்பு ஜெலட்டின் தாளைச் சுற்றுங்கள். வெள்ளைத்தாளில் சிவப்புப் பேனாவாலும் பச்சைப் பேனாவாலும் எழுதி, இருட்டறையில் அடித்துப் பாருங்கள். எந்த எழுத்து காணாமல் போகிறது என்று நீங்களே சொல்லுங்கள்!