நெசவாளர் இலையில் காய்கறி

ஆர்.கே.பேட்டையில் தறியோசை கேளாத தெரு அரிது. ஊரெல்லையைக் கடந்தால் கழனிகள். ஆயினும் நாம் சென்ற நெசவாளர் இல்லங்கள் பலவற்றில் கண்ட குழம்பு, கத்தரியும் உருளையுமே. இது அறியாமையன்று. கூலி நாளில் கடன் தீர்த்தபின் எஞ்சுவதே சந்தைப் பையை நிரப்புகிறது.

1918-இல் குன்னூரில் ஓர் அறையில் இராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வே, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அந்நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு நெறிமுறைகள், வயது வந்தவருக்கு நாளொன்றுக்குக் கீரை உட்பட 400 கிராம் காய்கறி வேண்டும் என்கின்றன. பெரியவர் நால்வர் உள்ள வீட்டுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல்! நாமே மலைத்தோம்.

அளவு எட்டாவிடினும் வகையை மாற்றலாம். இன்று முருங்கைக் கீரை, நாளை பறங்கி, மறுநாள் அவரை. கீரையுடன் எலுமிச்சைச் சாறு சேர்ப்பின் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். உண்டவுடன் அருந்தும் தேநீர் அதனைத் தடுக்கும். (இக்குற்றம் நம்மிடமும் உண்டு.)

விளைவிப்போர் கீரைக்கட்டுகளை வெளியூருக்கு ஏற்றுகின்றனர். நெய்வோர் கடையில் விலை கேட்டுத் திரும்புகின்றனர். கூலி வழங்கும் நாளில் சங்க முற்றத்தில் ஒரு தராசு வைக்க இயலுமா என்பதை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இரு சாராரும் பேசுக. தீர்மானம் நிறைவேறின், அதற்குரிய கடிதத்தை நாமே மேலிடத்துக்கு எடுத்துச் செல்வோம்.