ஓதுவார் வீட்டுப் பேராசிரியர்

காரைக்காலுக்குச் செல்பவர்கள் அம்மையார் கோயிலைத் தரிசிக்காமல் திரும்புவதில்லை. தேவார மூவருக்கும் முன்னரே தமிழிற் பதிகம் பாடிய பெருமாட்டியின் ஊரல்லவா? அவ்வூருக்குத் தென்மேற்கே, வயல்வெளிகளைக் கடந்தால் சிறுத்தொண்ட நாயனார் வாழ்ந்த திருச்செங்காட்டங்குடி. அங்கேதான் 1908-ஆம் ஆண்டில் எம். எம். தண்டபாணி தேசிகர் பிறந்தார்.

தேவாரமே அவருக்கு முதற்பாடம். பின்னர், பிடில் வித்வான் கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளையிடம் சங்கீதம் பயின்றார். கணீரென்ற சாரீரம்; ராகத்திற்காகச் சொல்லைச் சிதைக்காத உச்சரிப்பு. 1936-இல் 'பட்டினத்தார்', 1942-இல் ஜெமினியின் 'நந்தனார்' ஆகிய படங்கள் அக்குரலைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டு சென்றன.

அக்காலத்தில் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்குக் கிடைத்த இடம் யாது? பெரும்பாலும் கடைசியில், துக்கடாவாக! 1943-இல் ராஜா அண்ணாமலை செட்டியாரின் முயற்சியால் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. "தமிழில் உருப்படிகள் எங்கே?" என்று கேட்டோருக்குத் தேசிகர் பாடியே விடை பகர்ந்தார்.

அவ்விடைகளுள் ஒன்றைக் கேளாத தமிழரே இரார். புதுவைக் கவிஞர் பாரதிதாசன் 1909-இல், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலைச் சேர்ந்த நிரவியில் ஆசிரியப் பணி தொடங்கியவர். அவருடைய 'துன்பம் நேர்கையில்' என்னும் பாட்டுக்குத் தேசிகர் மெட்டமைத்தார். எந்த ராகத்தில்? வடநாட்டிலிருந்து வந்த தேஷ் ராகத்தில்! தமிழிசை என்றால் பிற இசைக்குக் கதவடைப்பதன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? 1951-இல் வெளிவந்த 'ஓர் இரவு' படத்திலும் அம்மெட்டே ஒலித்தது.

பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, இசைத்துறைக்குத் தலைமை வகித்தார். தக்கேசிப் பண்ணைக் காம்போதியாகவும், காந்தார பஞ்சமத்தைக் கேதாரகௌளையாகவும் பாடிக் காத்தவர்கள் ஓதுவார்கள். வாய்மொழியாகவே வந்த அச்செல்வம், பாடுவோர் இல்லையேல் ஒரே தலைமுறையில் அற்றுப்போகக்கூடியது. அம்மரபில் வந்தவர் ஒருவர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பீடத்தில் அமர்ந்தது சாமானியமான காரியமா?

1972-இல் தேசிகர் மறைந்தார். மெட்டு மறையவில்லை. வீட்டிலே வாடியிருக்கும் ஒருவர் மற்றவரைப் பார்த்து, 'யாழெடுத்து என் துயர் தீர்க்கமாட்டாயா?' என்று கேட்பதுதான் அப்பாட்டின் பொருள். அரங்கத்தில் மட்டும் கேட்டு மகிழ்வதற்கு உரியதா அது? இன்று மாலை உங்கள் வீட்டுக் குழந்தைகளைப் பாடச் சொல்லுங்கள். ராகத்தோடு சொல்லும் தெளிவாகக் காதில் விழுமானால், தேசிகரின் பாடம் நின்றுவிடவில்லை என்றே கொள்ளலாம்.