பதினைந்து முறை திரும்பி வந்த கட்டுரை

நம் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியா என்று உயிரியலாளர் லின் மார்குலிஸ் எழுதிய கட்டுரையைச் சுமார் 15 ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. 1967-இல்தான் அது அச்சேறியது. மறுத்தவர்களை மூடர்கள் என்று சொல்லிவிட முடியாது. தாவர செல்களில் உள்ள பசுங்கணிகத்தைப் பற்றி இதே போன்ற கருத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரஷ்யாவில் மெரெஷ்கோவ்ஸ்கி என்ற உயிரியலாளர் சொல்லியிருந்தார். பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் மார்குலிஸ் எழுதியபோது, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனி டிஎன்ஏ இருப்பது தெரியவந்திருந்தது. அது செல்லின் உட்கருவில் இருப்பதைப் போல நீள் இழையாக இல்லாமல், பாக்டீரியாவில் இருப்பதைப் போலப் பெரும்பாலும் வளையமாகவே இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா பெருகுவதும் இரண்டாகப் பிளந்துதான். 1970-களில் மரபுவரிசைகளை ஒப்பிடத் தொடங்கியதும், பசுங்கணிகம் நீலப்பச்சை பாக்டீரியாவின் உறவு என்பது தெளிவானது. மைட்டோகாண்ட்ரியாவின் பூர்விகமும் பின்னர் உறுதிப்பட்டது. இன்று இது பாடப்புத்தகச் செய்தி.

சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வு என்பதே புதுமைக்குப் பகை என்று சிலர் இதை வைத்து வாதிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே மார்குலிஸ், 2009-இல் டொனால்ட் வில்லியம்சன் என்ற விலங்கியலாளரின் கட்டுரையை அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளிவரச் செய்தார். கழக உறுப்பினர் என்பதால், கட்டுரையைப் பரிசீலிப்பவர்களைத் தாமே தேர்ந்தெடுக்கும் சலுகை அவருக்கு இருந்தது. பூச்சியினமும் வெல்வெட் புழுவினமும் என்றோ கலந்ததால்தான் வண்ணத்துப்பூச்சிக்குக் கம்பளிப்புழுப் பருவம் வந்தது என்றது அந்தக் கட்டுரை. அதே ஆண்டில், அதே இதழில், இருவர் மறுப்பு எழுதினார்கள்: ஏற்கெனவே கையில் இருந்த மரபணுத் தரவுகளே அந்தக் கருத்துக்கு எதிராக இருந்தன. மறுவருடம் அந்தச் சலுகையைக் கழகம் எடுத்துவிட்டது.

ஆக, துணிச்சலும் புறக்கணிப்பும் ஒரு கருத்து சரி என்பதற்குச் சான்றாகா. மதிப்பாய்வின் முத்திரைக்கும் ஓரளவுதான் மதிப்பு. பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒரு கட்டுரையில் வேண்டுமென்றே 8 குறைகளைப் புகுத்தித் தன் மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்பிப் பார்த்தது. 1998-இல் வெளியான அந்த ஆய்வின்படி, அவர்கள் சராசரியாகச் சுட்டிக்காட்டியவை இரண்டே. கண்ணெதிரே உள்ள குறையே இப்படித் தப்பும்போது, யாரும் கேட்டிராத கருத்தின் உண்மையை இரண்டு மூன்று பேர் மேசைமுன் அமர்ந்து தீர்மானிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. அப்படியானால் குப்பையெல்லாம் அச்சேறிவிடாதா என்று கேட்கலாம். கருத்து நம்பும்படி இருக்கிறதா என்பதை விட்டுவிட்டு, எந்தச் சோதனையில் அது தோற்கக்கூடும் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறாரா, அதற்கான விடை ஏற்கெனவே கைவசம் உள்ளதா என்று மட்டும் கேட்டிருந்தால், வில்லியம்சனின் கட்டுரை வாசலிலேயே நின்றிருக்கும். மார்குலிஸின் கட்டுரை அத்தனை முறை திரும்பியிருக்காது.