கழிவைப் பொருளாக்கும் பொறியியல்

அடுப்பில் எஞ்சிய சாம்பலைப் பாத்திரந் துலக்கவும், கத்தரிச் செடியிற் பூச்சி அணுகாவண்ணந் தூவவும் பயன்படுத்திய மக்கள் நம்மவர். ஒரு வீட்டுச் சாம்பலுக்குப் பயன் காண்டல் எளிது. ஓர் ஆலை ஆண்டுதோறும் மலையெனச் சாம்பலை வெளியேற்றுமாயின், அதனை யாது செய்வது? இவ்வினாவுக்கு விடை காண்பது பொறியியலாளரின் பணிகளுள் ஒன்று. உயர்கல்வியை நோக்கி நிற்கும் மாணவர் அறிந்திருத்தற்குரிய இத்துறையை, நிலக்கரிச் சாம்பலை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

அனல் மின்னிலையங்களில் நிலக்கரியை மாவாக அரைத்து உலையுள் ஊதி எரிப்பர். கரி எரிந்துபோக, அதனுட் கலந்திருந்த கனிப்பொருள்கள் கடும் வெப்பத்தில் உருகிப் புகையோடு எழுந்து, குளிருங்கால் கண்ணாடித்தன்மை வாய்ந்த நுண்ணிய உருண்டைகளாகின்றன. இதுவே பறக்குஞ்சாம்பல். இது புகைபோக்கியை அடையுமுன் மின்னேற்றத்தால் ஈர்த்துச் சேகரிக்கப்படும். இதிற் சிலிக்காவும் அலுமினாவும் மிகுதி. சீமெந்து நீருடன் சேர்ந்து இறுகும்போது வெளிப்படும் சுண்ணாம்பு, கொங்கிறீற்றுக்கு வலிமை தருவதில்லை. பறக்குஞ்சாம்பலைக் கலந்தால், அது அச்சுண்ணாம்போடு தாக்கமுற்றுப் பிணைக்கும் பொருளாகின்றது. உரோமர் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து கட்டடங்கள் எழுப்பியதும் இவ்வியல்பு பற்றியே.

1937 ஆம் ஆண்டிற் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரேமண்ட் டேவிசும் அவர்தம் துணைவரும் இச்சாம்பல் பற்றிய ஆய்வுகளை வெளியிட்டனர். 1953 இல் நிறைவெய்திய அமெரிக்காவின் ஹங்கிறி ஹோர்ஸ் அணைக்கட்டிற் சீமெந்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக இது பெருமளவிற் சேர்க்கப்பட்டது. பருத்த கொங்கிறீற்று இறுகுங்கால் எழும் வெப்பம் வெடிப்பை உண்டாக்கும். சாம்பல் அவ்வெப்பத்தைத் தணிக்கும்.

பயன்படுத்தாது குவித்து வைத்தலால் வருங் கேடும் சிறிதன்று. 2008 டிசெம்பர் 22 இல், அமெரிக்காவின் தெனசி மாநிலத்துக் கிங்ஸ்டன் மின்னிலையத்தில், சாம்பற் சேற்றைத் தேக்கிய அணை உடைந்தது. ஏறக்குறைய 40 இலட்சம் கனமீற்றர் சேறு நிலத்திலும் ஆற்றிலும் பரவி, வீடுகளையும் சிதைத்தது.

எனின், சாம்பல் முழுவதையும் சீமெந்திற் கலந்துவிடலாமோ எனின், ஆகாது. நிலக்கரி மாறினாற் சாம்பலும் மாறும். எரிதல் குறைவுபட்டால் எரியாக் கரி எஞ்சும். அமெரிக்க நியமம் எரித்தலால் நேரும் எடையிழப்பு 6 வீதத்தை விஞ்சலாகாது என விதிக்கின்றது. இன்று வந்தது போன்றே நாளையும் வருமென வாங்குவோர் நம்பத்தக்கது மூலப்பொருள். அந்நம்பிக்கைக்கு இடந்தராதது கழிவு. அந்நம்பிக்கையை ஆக்கித் தருவதே பொறியியலாளரின் தொழில்.

அத்தொழில் பலர் கூடிச் செய்வது. இரசாயனப் பொறியியலாளர் எரிதலைச் சீர்செய்து சாம்பலின் சேர்க்கையை அளவிடுவர். இயந்திரப் பொறியியலாளர் அது ஈரமுறாவண்ணம் காற்றினாற் குழாய்வழிச் செலுத்திச் சேமிப்பர். குடிசார் பொறியியலாளர் கலவை விகிதத்தை வகுப்பர். சாம்பல் கலந்த கொங்கிறீற்று மெதுவாகவே வலிமை பெறுமாதலின், 28 நாளிலன்றி 90 நாளிலும் சோதிப்பர். ஆசனிக்கு முதலிய நச்சுப்பொருள்கள் நிலத்தடி நீரிற் கசிகின்றனவா என ஆராய்வது சூழற் பொறியியலாளரின் கடன். கிணற்று நீரையே நம்பி வாழும் நமக்கு இக்கடன் எத்துணை இன்றியமையாதது என்பது சொல்லாமலே விளங்கும்.

நம் நாட்டில் 2011 இல் மின்னாக்கத் தொடங்கிய நுரைச்சோலை மின்னிலையத்தின் சாம்பலும் சீமெந்து உற்பத்திக்கு உதவுகின்றது. ஒரு காலத்திற் தும்பு ஆலைகளின் அருகே குவிந்து கிடந்த தும்புச்சோறு, உப்பு நீங்கக் கழுவி உலர்த்தி அழுத்தப்பட்டு, பயிர் வளர்க்கும் ஊடகமாக ஏற்றுமதியாகின்றது. மொறட்டுவை, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் இரசாயனப் பொறியியல் பயிலலாம்.

பொறியியல் என்றதும் பாலத்தையும் மாளிகையையும் மட்டுமே எண்ணுவது நம்மிடை வழக்கம். ஆலையின் முன்வாயிலில் வெளிவரும் பண்டத்தோடு பின்வாயிலில் வெளிவருவதையும் நோக்கும் மாணவர் நமக்கு வேண்டும். கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் கற்போருள் சிலரேனும் இத்துறையை நாடுவாராயின், நாட்டின் செல்வம் பெருகும். நிலமும் நீரும் காக்கப்படும்.