கானா கேட்கிற பையனும் ‘புத்திசாலிகளின் இசை’யும்

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் பட்டுத்தறி வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் போன மாதம் செல்போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டினார். வாட்ஸப்பில் யாரோ அனுப்பியது. ஒரு கோடு, அதன் ஒரு முனையில் பீத்தோவன், மறுமுனையில் லில் வெய்ன் என்ற அமெரிக்க ராப் பாடகர். புத்திசாலிகள் கேட்பது இந்தப் பக்கம், மந்தமானவர்கள் கேட்பது அந்தப் பக்கம் என்று கீழே தமிழில் விளக்கம் வேறு.

“தம்பி, இது நெசமா? நம்ம பெரியவன் எந்நேரமும் கானாதான் கேக்குறான். இந்த மாதிரி பாட்டு கேக்குற பசங்களுக்குப் படிப்பு ஏறாதுன்னு டியூஷன்லயும் சொல்றாங்க. பத்தாவது முடிச்சதும் பேசாம தறியில உக்கார வெச்சிடலாமான்னு பாக்குறேன்.”

படத்தைவிட அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைத் தேடிப் படிக்க வைத்தது. படித்ததை இங்கே குறித்து வைக்கிறேன்.

அந்தப் படம் எங்கிருந்து வந்தது?

2009 வாக்கில் வர்ஜில் கிரிஃபித் என்ற அமெரிக்க ஆராய்ச்சி மாணவர் ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர்கள் ஃபேஸ்புக்கில் ‘பிடித்த இசை’ என்று எதை அதிகம் போட்டிருக்கிறார்கள் என்று எடுத்தார். அந்தக் கல்லூரி மாணவர்கள் எஸ்ஏடி என்ற நுழைவுத் தேர்வில் வாங்கிய சராசரி மதிப்பெண்ணைப் பக்கத்தில் வைத்தார். பீத்தோவன் மேலே போனார், லில் வெய்ன் கீழே வந்தார். இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதால் ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாகிவிடாது, இதை வேடிக்கையாகத்தான் செய்தேன் என்று அவரே எழுதியும் வைத்தார். வாட்ஸப்புக்கு வரும்போது அந்த வரி மட்டும் உதிர்ந்துவிட்டது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அவர் ஒப்பிட்டது மாணவர்களை இல்லை, கல்லூரிகளை.

நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். இரண்டு பள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் கட்டணம் அதிகம், பெற்றோர் படித்தவர்கள், வீட்டுக்கே வந்து வயலின் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. சராசரி மதிப்பெண் 85. இன்னொன்றில் பாதிப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் தறிக்குத் துணையாக உட்காருகிறவர்கள்; அவர்களுக்குக் கிடைப்பது செல்போன் பாட்டு. சராசரி 55. இரண்டு புள்ளி வைத்துக் கோடு போட்டால் “வயலின் கேட்டால் 85” என்று வரும். ஆனா முதல் பள்ளிக்கு உள்ளே போய்ப் பார்த்தால் வயலின் கேட்கிற பிள்ளைகளே குறைவான மதிப்பெண் வாங்கியிருக்கலாம். சராசரிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் அது கண்ணில் படவே படாது. கூட்டத்தின் சராசரியைக் கொண்டுவந்து தனி ஆளின் தலையில் வைப்பது புள்ளியியலில் பழைய பிழை.

தனி ஆட்களை அளந்த ஆய்வுகள்?

அவையும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர்கள் ரென்ட்ஃப்ரோ, காஸ்லிங் இருவரும் 2003-இல் இசை விருப்பத்தை நான்கு வகையாகப் பிரித்தார்கள். செவ்வியல், ஜாஸ் போன்ற ‘ஆழ்ந்த, சிக்கலான’ இசையை விரும்புகிறவர்களிடம் புதியதைத் தேடிப் பார்க்கும் குணம் கூடுதலாக இருந்தது. 2012-இல் சடோஷி கனசவாவும் அவரோடு சேர்ந்தவரும் அமெரிக்க, பிரிட்டிஷ் கணக்கெடுப்புகளை எடுத்துக்கொண்டு, அறிவுத்திறன் சோதனையில் மேலே இருப்பவர்கள் பாடல் இல்லாத வாத்திய இசையை அதிகம் விரும்புகிறார்கள் என்று எழுதினார்கள். 2019-இல் குரோவேஷியாவில் 467 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்விலும் கிட்டத்தட்ட அதே முடிவு.

ஆகத் தொடர்பு என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது சிறியது. ஒரு பையன் கேட்கிற பாட்டை மட்டும் வைத்து அவன் அறிவைக் கணிப்பது, காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல்.

அடுத்தது, அந்த ஊர் அளவுகோல் இந்த ஊருக்குப் பொருந்துமா? வாத்திய இசை என்றால் அங்கே பெரும்பாலும் தேடிப் போய்க் கேட்கிற இசை. காஞ்சிபுரத்தில் அதுதான் தெருவுக்கே வருகிற இசை. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு விடியற்காலையில் கிளம்பினால் முன்னால் போவது நாகஸ்வரமும் தவிலும். டிக்கெட் கிடையாது. கல்யாணத்துக்கும் அதுவே. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் மல்லாரி காதில் விழுந்தால் சாமி புறப்பாடு என்று தெரியும். வாத்திய இசை பிடிக்கும் என்று இங்கே ஒருவர் சொன்னால், அதிலிருந்து அவர் கோயில் தெருப் பக்கம் வளர்ந்தவர் என்பது தெரியலாம். மூளையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

மொஸார்ட் கேட்டால் மூளை வளருமா?

இந்த நம்பிக்கையின் ஆரம்பம் 1993. ‘நேச்சர்’ இதழில் ரவுஷர், ஷா, கை என்ற மூவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். 36 கல்லூரி மாணவர்கள், 10 நிமிடம் மொஸார்ட். அதற்குப் பிறகு இடம், வடிவம் பற்றிய சோதனையில் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலன் கால் மணி நேரம்கூடத் தாண்டவில்லை. ஆனாலும் 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கிற குழந்தை ஒவ்வொன்றுக்கும் செவ்வியல் இசை கொடுக்க அரசுப் பணம் கேட்டார்.

பிறகு நடந்த சோதனைகளில் அந்தப் பலன் தேய்ந்துகொண்டே போனது. மனசு உற்சாகமாக இருக்கும்போது சோதனையைக் கொஞ்சம் நன்றாகச் செய்கிறோம், அவ்வளவுதான் என்று டொராண்டோவில் ஷெலன்பெர்க் குழு 2001-இல் காட்டியது. பிரிட்டனில் 10, 11 வயதுப் பிள்ளைகள் 8,000 பேருக்கு மேல் வைத்து ஒரு சோதனை நடந்தது. முடிவு 2005-இல் வெளியானது. பிளர் போன்ற அன்றைய பாப் பாடல்களைக் கேட்ட பிள்ளைகள் மொஸார்ட் கேட்டவர்களைவிட ஒரு சோதனையில் நன்றாகச் செய்தார்கள். அவர்களுக்கு உற்சாகம் கொடுத்தது பாப்தான். பரீட்சைக்கு முன்னால் கானா கேட்டுவிட்டுப் போகிற நம்ம பையனை இனிமேல் எப்படித் திட்டுவது?

இதே ஊரில் நடந்த கதை

இசையை வைத்துத் தலைகளுக்குத் தரம் போடுவது காஞ்சிபுரத்துக்குப் புதுசு இல்லை.

காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889–1934) லயக் கணக்கில் புலி. மிருதங்கம், கடம், கஞ்சிரா, கொன்னக்கோல் என்று வாத்தியக்காரர்கள் வரிசையாக உட்கார, ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி செய்தவர். இந்த ஊரில் தியாகராஜர் உற்சவமும் நடத்தினார். இசையையே தொழிலாகக் கொண்ட தேவதாசி மரபுக் குடும்பத்தில் வந்தவர். அந்தக் குடும்பங்களின் வித்தையை ரசித்த அதே சமூகம் அந்த மனிதர்களைத் தள்ளியே வைத்திருந்தது.

அவர் பெயரெடுத்தது பல்லவியில். பல்லவி என்பது ஒரே ஒரு வரி. அதைத் தாளத்துக்குள் வைத்து, வேகத்தை இரட்டித்து, பாதியாக்கி, மூன்றுக்கு மாற்றி, எல்லாம் முடிந்து சரியான இடத்தில் வந்து இறங்க வேண்டும். கை ஒரு கணக்கு போடும், வாய் இன்னொரு கணக்கு போடும். அதற்கான மூளை ஆண்களுக்குத்தான் உண்டு என்று அன்றைக்குப் பலர் நம்பினார்கள். ராகம் தானம் பல்லவி ஆண்களின் கோட்டை.

அந்தக் கச்சேரிகளில் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு சிறுமியும் உண்டு. 1919-இல் இதே ஊரில் பிறந்த தாமல் கிருஷ்ணசாமி பட்டம்மாள். சின்ன வயதில் முறையான குருகுலவாசம் கிடையாது. அப்பா சொல்லிக்கொடுத்த சுலோகங்களும் பாட்டுகளும்தான் தொடக்கம். கச்சேரியில் கேட்டதைக் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து தம்பிகளோடு சேர்ந்து மீட்டெடுப்பார். 1929-இல் 10 வயதில் சென்னை வானொலியில் பாடினார். 1932-இல் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் கச்சேரி. பிறகு மேடையில் ராகம் தானம் பல்லவி பாடி, ‘பல்லவி பட்டம்மாள்’ என்றே பெயர் வாங்கினார்.

இதைப் படித்ததும் “பார்த்தீர்களா, சிக்கலான இசையை ரசித்த மூளை!” என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதே வீட்டில் இன்னொருவரும் இருந்தார், பட்டம்மாளின் அம்மா. அவருக்கும் நன்றாகப் பாட வரும். குடும்பப் பெண் பாடக்கூடாது என்ற கட்டுப்பாட்டால் உறவினர், தோழிகள் முன்னால்கூட அவர் பாடியதில்லை. அதே வீடு, அதே காது. அம்மாவின் பாட்டு வெளியே கேட்கவில்லை, மகளுக்குத் தேசம் பத்ம விபூஷண் கொடுத்தது. நடுவில் மாறியது மூளை என்று சொல்ல முடியுமா? ஒரு கதவு திறந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு யாராவது “எந்தப் பெண்கள் பல்லவி பாடுகிறார்கள்?” என்று கணக்கெடுத்திருந்தால் பெண்களுக்கு அந்த மூளை இல்லை என்றே முடிவு வந்திருக்கும். கணக்கு சரி, முடிவு தப்பு.

பிரெஞ்சு சமூகவியலாளர் பூர்டியூ 1979-இல் வெளியிட்ட பெரிய நூலில் காட்டியதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஒருவர் எந்த இசையை ரசிக்கிறார் என்பது அவர் எந்த வர்க்கத்தில் பிறந்தார், எவ்வளவு படித்தார் என்பதையே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. நம்ம ஊரில் அந்தப் பட்டியலில் சாதியையும் சேர்க்க வேண்டும். பறை ‘சத்தம்’ ஆனதும், கானா ‘ரவுடிப் பாட்டு’ ஆனதும் காதால் எடுத்த முடிவு இல்லை. வடசென்னையில் சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிற கானா பாடகர், இறந்தவரின் கதையை அங்கேயே வரியாகக் கட்டி, எதுகை தப்பாமல், தாளம் விழாமல் பாடுகிறார். அதற்கு மூளை வேண்டாமா?

அண்ணனிடம் சொன்னது

இவ்வளவையும் சுருக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, அப்போ அவனைப் பாட்டு க்ளாஸ்ல சேர்த்தா மார்க் வருமா?” என்றார். நல்ல கேள்வி. அதற்கும் ஆய்வு இருக்கிறது. 2004-இல் ஷெலன்பெர்க் 144 ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஓராண்டு வகுப்பு நடத்திப் பார்த்தார். இசை கற்றவர்களுக்கு அறிவுத்திறன் எண் சுமார் 7 புள்ளி ஏறியது, மற்றவர்களுக்கு 4 புள்ளிக்குச் சற்று மேல். ஆனால் 2020-இல் சாலா, கோபெ இருவரும் கிட்டத்தட்ட 7,000 பிள்ளைகள் அடங்கிய 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கவனமாக நடத்தப்பட்ட ஆய்வுகளில் அந்தப் பலன் ஏறக்குறைய பூஜ்யம். மார்க்குக்காக இசை என்று போனால் ஏமாற்றம்தான். இசைக்காகப் போனால் இசை வரும்.

“பாட்டை வெச்சு அவனை எடை போடாதீங்கண்ணா. கணக்குல எங்க தடுக்குதுன்னு அவன்கிட்டயே கேளுங்க. படிப்பை நிறுத்துறதுக்கு இது ஒரு காரணமே இல்ல” என்றேன். அவர் பதில் சொல்லாமல் நாடாவை எடுத்து ஓட்ட ஆரம்பித்தார். கோர்வைப் புடவை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். வலது கரைக்கு நாடா தள்ள அவன்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். காதில் இயர்ஃபோன், கை மட்டும் ஒரு ஓட்டம்கூடத் தவறாமல் போய்வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “ரிசல்ட் வரட்டும், ப்ளஸ் ஒன் ஃபாரம் வாங்கிப் பாக்கலாம்” என்றார் அண்ணன்.

உங்களுக்கும் இப்படி ஒரு படம் வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். அளந்தது ஆட்களையா, கூட்டங்களின் சராசரியையா? அந்த இசை யார் கைக்கு எட்டியது, யாருக்கு எட்டவில்லை? இரண்டுக்கும் பதில் கிடைக்காவிட்டால் அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். ஒரு வீட்டில் ஒரு பையனின் படிப்பு அதை நம்பி நிற்கலாம்.